குன்னூர்க் குளிரில் தாடி ஓணானுக்கு எந்தத் தரை?

நேற்று மாலை எங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் வந்தார். தாடி ஓணான் (ஆங்கிலத்தில் bearded dragon) குட்டி ஒன்று வாங்கியிருக்கிறாராம். கையில் ஒரு பை வெள்ளை மணல். “கால்சியம் மணல் அக்கா, தின்றாலும் நல்லதுதான் என்று கடையில் சொன்னார்கள். பெட்டியில் எவ்வளவு கனத்துக்குப் போட வேண்டும்?” என்று கேட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இதே பேச்சை நம்பி இதே போன்ற ஒரு பையை வாங்கி வந்தவள் நான்.

அப்போது என் தாடி ஓணான் முத்துவுக்கு ஐந்து மாதம். தாடி ஓணான் எதைப் பார்த்தாலும் நாக்கை நீட்டித் தொட்டு அறியும். மணலையும் அப்படித்தான் நாள் முழுவதும் நக்கியது. கார்த்திகை மழை தொடங்கியது. முத்து சாப்பிட்டது, ஆனால் பதினொரு நாள் மலம் கழிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. துணி சுற்றிய வெந்நீர்ப் பையோடு ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மலையிறங்கிக் கோயம்புத்தூருக்கு ஓடினேன். எக்ஸ்ரேயில் குடல் முழுக்க மணல். அந்த மணல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். நாம் நெஞ்செரிச்சலுக்குப் போடும் மாத்திரையிலும் இருப்பது அதுதான். வயிற்றின் அமிலத்தைத் தணித்துவிட்டுக் குடலில் கட்டிக்கொள்ளும் பொருளை, தின்றால் நல்லது என்று எப்படி விற்கிறார்கள்?

மருத்துவர் சொன்ன இன்னொன்றைத்தான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். “பாதிக் காரணம் மணல், மீதிப் பாதி குளிர்” என்றார். ஊர்வனவற்றுக்குச் செரிமானமே வெளியிலிருந்து வரும் சூட்டால் நடப்பது. வயிறு குளிர்ந்து கிடந்தால் உள்ளே போனது அப்படியே நின்றுவிடும். மணலா, மணல் கூடாதா என்று வாதாடுகிறவர்களில் பலர் சமவெளியில் இருப்பவர்கள். மதுரையில் தரை தானாகவே சூடாக இருக்கும். இங்கே மார்கழி விடியலில் என் வீட்டு சிமெண்டுத் தரையில் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், 11 டிகிரி காட்டியது. மேலே சூடு தரும் விளக்கு 40 டிகிரிக்கு எரிந்தாலும், கண்ணாடிப் பெட்டியைத் தரையில் வைத்தால் அடியிலிருந்து சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். மலையில் ஓணான் வளர்ப்பவர் பெட்டிக்குள் என்ன போடுவது என்று யோசிப்பதற்கு முன்னால், பெட்டிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த விலங்கு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்தைச் சேர்ந்தது. ஊட்டிப் பக்கத்துச் செடிவேலிகளில் வாழும் சாலியா என்னும் பச்சை மலை ஓணானும் இதே குடும்பம்தான், ஆனால் அது இந்தக் குளிருக்கென்றே பிறந்தது. (அதைத் தயவுசெய்து யாரும் பிடித்து வராதீர்கள். அதன் இடம் வேலிதான்.) தாடி ஓணானுக்கு விளக்கின் கீழே சூடு காயும் இடத்தில் 38 முதல் 42 டிகிரியும், பெட்டியின் மறுமுனையில் 25 டிகிரியை ஒட்டியும் வேண்டும்.

இப்போது முத்துவின் பெட்டி ஒரு மர மேசை மேல் இருக்கிறது. பெட்டிக்கு அடியில் ஓர் அங்குலத் தெர்மாகோல். அது வெளியேதான் இருக்க வேண்டும், உள்ளே வைத்தால் கொறித்துவிடும். உள்ளே தரை முழுவதும் கடப்பா கல், சொரசொரப்பான பக்கம் மேலே தெரியும்படி. விளக்கின் கீழே உள்ள கல் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போனால் கொஞ்ச நேரமாவது அதன் வயிற்றுக்கு இளஞ்சூடு கிடைக்கிறது. நகமும் தானாகத் தேய்கிறது. வழவழப்பான டைல்ஸ் வேண்டாம், கால் வழுக்கும். அடியில் சூடேற்றும் விரிப்பு வைப்பவர்கள் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வைக்கவே கூடாது, வயிறு வெந்துபோகும்.

அடுத்தது ஈரம். மணலுக்குப் பிறகு, இயற்கையானதாயிற்றே என்று தென்னை நார்த்தூளைப் போட்டுப் பார்த்தேன். இந்த ஓணானுக்குக் காற்றில் 30, 40 விழுக்காடு ஈரம் போதும். ஐப்பசியில் குன்னூரில் கொடியில் போட்ட துணியே நான்கு நாள் காய்வதில்லை. ஒரே வாரத்தில் நார்த்தூளில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்தது. பொங்கிவந்த கோபத்தோடு மொத்தத்தையும் ரோஜாச் செடிக்குக் கொட்டினேன். தச்சுப் பட்டறை மரச்சீவலும் வேண்டாம். பைன் சீவலின் ஆவி மூடிய பெட்டிக்குள் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். பட்டறைக் குவியலில் எந்த மரம் கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? செயற்கைப் புல் விரிப்பின் இழை நகத்தில் மாட்டிக்கொள்ளும்.

குட்டியாக இருக்கும்போதும், புதிதாக வாங்கி வந்த முதல் சில மாதங்களும் செய்தித்தாளே போதும் என்பது என் உறுதியான எண்ணம். பலர் முகம் சுளிக்கிறார்கள், படம் எடுத்தால் அழகாக இல்லையாம். எனக்கு அந்தத் தாள் தினமும் ஒரு மருத்துவ அறிக்கை. கழிவு எப்படி இருக்கிறது, அதோடு வரும் வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருக்கிறதா, மஞ்சளாகிக் கெட்டிப்பட்டு உடம்பில் நீர் குறைந்ததைச் சொல்கிறதா, எல்லாமே தாளில் தெரியும். நார்த்தூளில் புதைந்து போனால் எதுவும் தெரியாது. மாற்றிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊர்வனவற்றிடமிருந்து சால்மோனெல்லா கிருமி தொற்றக்கூடும், வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம்.

கல்லும் தாளும் மட்டும் என்றால் அது எங்கே தோண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, நானும் அதற்காக வருந்தியிருக்கிறேன். தோண்டுவது அதன் பிறவிக் குணம். ஆனால் அதன் சொந்த நிலம் பெரும்பாலும் இறுகிய மண்தரை, கால் புதையும் பொடிமணல் அல்ல. முத்து வளர்ந்த பிறகு, ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் செம்மண்ணும் கொஞ்சம் கழுவிய ஆற்று மணலும் கலந்து, நீர் தெளித்து, கையால் அழுத்தி, நன்றாகக் காய்ந்து இறுகியதும் பெட்டியின் ஒரு மூலையில் வைத்தேன். முதல் நாளே முன்னங்கால்களால் பறித்து ஒரு குழி செய்து அதிலே படுத்துக்கொண்டது. அந்த மண்ணைத் தேயிலைத் தோட்டத்திலிருந்தோ கேரட், உருளைக்கிழங்குத் தோட்டத்திலிருந்தோ எடுக்காதீர்கள். பூச்சிமருந்தும் உரமும் அதில் ஊறியிருக்கும். என் மண் மேட்டுப்பாளையத்தில் அத்தை வீட்டுக் கொல்லையிலிருந்து மூட்டையாகப் பஸ்ஸில் வந்தது.

தம்பியிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. மணல் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். குட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பெட்டி அறை மூலையில் தரையில்தான் இருக்கிறது என்றார். வீட்டில் மிச்சமிருந்த தெர்மாகோல் பலகையையும் பழைய செய்தித்தாள் ஒரு கட்டையும் கொடுத்து, இரவே மேசை மேல் ஏற்றி வைக்கச் சொல்லி அனுப்பினேன். இரண்டு கடப்பா துண்டுகள் கொல்லைப்புறத்தில் கிடக்கின்றன. குட்டி வளர்ந்ததும் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று கழுவிச் சாய்த்து வைத்திருக்கிறேன்.