கொழுந்தை யார் எடுத்தது?

ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிப்பது பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் மலையகப் பாடசாலைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், ஆய்வுகூடம் இல்லை, உபகரணம் இல்லை, ஆகவே முடியாது என்பதுதான். தலவாக்கலைப் பக்கத்தில் தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பிக்கும் நானும் பல வருடங்களாக அதையே சொல்லி வந்தவள். இப்போது அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

நம் நாட்டில் விஞ்ஞானம் என்ற பெயரில் ஒரு பாடம் தரம் 6இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய ஐந்து வருடங்களும் அது சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்துக்குள் அடங்கியிருக்கிறது. பெயரில் செயற்பாடு இருந்தாலும் வகுப்பில் நடப்பது படத்துக்கு நிறந்தீட்டுவதும் கரும்பலகையில் எழுதியதைக் கொப்பியில் இறக்குவதும்தான். தரம் 4 வந்துவிட்டால் அதுவும் குறைந்துவிடும். புலமைப்பரிசில் பரீட்சைக்கான கடந்தகால வினாத்தாள்கள் வகுப்புக்குள் வந்துவிடுகின்றன; பெற்றோரும் அதையே கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்து லயன் வீட்டுப் பிள்ளைக்கு நகரத்துப் பாடசாலையின் கதவு திறக்கும் வழி அது ஒன்றுதான் என்று அவர்கள் நம்புவதில் நியாயம் இருக்கிறது.

கடந்த பெப்ரவரியில், மழையில்லாத ஒரு வாரத்தில், கடைக்காரர் ஒருவரிடம் சிறிய மின்தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். பிள்ளைகள் கொண்டுவந்த பச்சைத் தேயிலைக் கொழுந்தில் 100 கிராம் நிறுத்து, பழைய பத்திரிகைத் தாளில் பரப்பி, யன்னலோரம் வைத்தோம். நாளைக்கு நிறுத்தால் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதே 100 என்றார்கள். இரண்டு பேர் கூடும் என்றார்கள், இரவில் பனி விழும் என்பது அவர்கள் சொன்ன காரணம். மறுநாள் காலை தராசு 76 காட்டியது. உடனே பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல்: "யாரோ எடுத்துட்டாங்க டீச்சர்!"

சிரித்துவிட்டு, இல்லை பிள்ளைகளே, நீர் ஆவியாகிப் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் பாடம் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். முன்பெல்லாம் அப்படித்தான் முடித்திருக்கிறேன். அன்று ஏனோ, எடுக்கவில்லை என்று எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டேன். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு அதிகம் பேசாத ஒரு பெண்பிள்ளை, எண்ணி வைத்தால் தெரியும் என்றாள். மறுபடியும் 100 கிராம் நிறுத்தோம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பத்துப் பத்தாக எண்ணியதில் 154 கொழுந்து இருந்தது. மறுநாள் முதலில் எண்ணினார்கள், பிறகு நிறுத்தார்கள். 154 அப்படியே இருந்தது. நிறை 74 கிராமுக்கு இறங்கியிருந்தது. களவுக் குற்றச்சாட்டு நீங்கிய பிறகுதான், அப்படியானால் போனது என்ன என்ற கேள்வி அவர்களுடையதாயிற்று. ஆவியாதல் என்ற சொல்லை நான் கரும்பலகையில் எழுதியது அதற்குப் பிறகுதான்.

சொல்லை முதலில் கொடுத்துவிட்டால் பிள்ளை அதை மனப்பாடம் செய்துகொண்டு பார்ப்பதை நிறுத்திவிடுகிறது என்பது என் அனுபவம். நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் என்று நுவரெலியாவில் இருந்துகொண்டே நாங்கள் ஒப்புவித்தோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள அந்த ஊரில் நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேகத் தாமதமாவதும் அதனால்தான். எங்கள் அம்மாமாருக்குப் பருப்பு தெரியும், எங்களுக்கு 100 தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எவரும் சொல்லித்தரவில்லை.

ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ 4.5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பது ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்யும் எவருக்கும் தெரியும். கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வேலை பார்க்கும் தகப்பனின் மகன், அங்கே காற்றாடி ஓடுவது எதற்கென்று அந்த வாரம் வீட்டில் கேட்டுவந்து வகுப்புக்கு விளக்கினான். அரைத்த கொழுந்து செம்பு நிறமாவதை நொதித்தல் என்று சொல்கிறோம். உண்மையில் அங்கே நுண்ணுயிர் வேலை செய்வதில்லை. இலையிலுள்ள நொதியம் என்ற, இரசாயன மாற்றத்தை விரைவாக்கும் பொருள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து செய்யும் வேலை அது. வெட்டி வைத்த உருளைக்கிழங்கு கறுப்பதும் அதே வகைதான். ஒரு துண்டுக்குத் தேசிக்காய்ச் சாறு பூசி, மற்றதை வெறுமனே வைத்தால் தரம் 3 பிள்ளைகூட வித்தியாசத்தைச் சொல்லும். இதற்கு என்ன உபகரணம் வேண்டும்?

உபகரணத்தைவிடப் பெரிய தடை ஆசிரியரின் பயம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளை கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால் மரியாதை போய்விடும் என்று நினைத்துத்தான் நாம் கேள்வி வராதபடி பாடம் நடத்துகிறோம். அந்த வாரக் கடைசியில் எண்ணச் சொன்ன அதே பிள்ளை எழுந்து, "மழை நாள்ல எங்கம்மாவுக்குத் தண்ணின்னு சொல்லிக் கிலோ கழிக்கிறாங்க டீச்சர். அந்தத் தண்ணியும் இந்தத் தண்ணியும் ஒண்ணா?" என்றாள். பறித்த கொழுந்தை நிறுக்கும்போது, அதில் மழைநீர் இருக்கிறதென்று நிறையைக் குறைப்பதைத்தான் சொன்னாள். இலைக்குள் இருக்கும் நீர் வேறு, இலைமேல் ஒட்டியிருக்கும் நீர் வேறு என்பதை ஒன்பது வயதில் அவளாகவே பிரித்துவிட்டாள். ஆனால் ஒரு கிலோ கொழுந்தில் மழைநீர் எத்தனை கிராம் ஒட்டும் என்று அவள் தொடர்ந்து கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. தெரியாது, நிறுத்துப் பார்ப்போம் என்றேன்; மரியாதை ஒன்றும் குறையவில்லை.

மழை தொடங்கியதும் தராசு மறுபடியும் வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நனைந்த கொழுந்தை நிறுத்து, துணியில் ஒற்றி, திரும்ப நிறுக்க வேண்டும் என்று பிள்ளைகளே திட்டம் போட்டுவிட்டார்கள். துணியையும் முன்னும் பின்னும் நிறுக்க வேண்டும் என்பது, களவு போனதாகச் சொன்ன பையனின் யோசனை.