பனியன் மட்டும் பளபளக்கிறது

கோத்தகிரி லாங்வுட் சோலை மொத்தமே ஏறக்குறைய 116 ஹெக்டேர்தான். உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024இல் சேர்ந்த இடம். அதன் ஓரத்தில் செஸ்ட்ரம் என்னும் அயல் செடியைப் பிடுங்க ஞாயிறு காலை வாசகம் அச்சிட்ட பனியனோடு இருபது தன்னார்வலர்கள் வந்தார்கள்.

செஸ்ட்ரம் லேசுப்பட்டதல்ல. மத்திய அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி. ஆரஞ்சு நிறத்தில் பூத்துச் சிரிக்கும். நிழலிலும் தழைத்து, சோலைக் கன்றுகளைத் தலையெடுக்க விடாது. தண்டை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும் என்று தொண்டை வற்றச் சொன்னேன்.

கேட்டார்களா? குனிந்தால் முதுகு வலிக்குமாம். இடுப்பளவில் கத்தரித்தார்கள், முடி திருத்துவதுபோல! ஒருவர் விக்கி என்னும் சோலை மரத்தின் கன்றைப் பிடுங்கிக்கொண்டு வெற்றிப் புன்னகையோடு நின்றார். அது இந்த மண்ணின் மரம் ஐயா! பிறகு படம், சூடாக வர்க்கி, தேநீர். பத்து மணிக்கு வேன் கிளம்பிவிட்டது. மண்படாத கையுறைகளையும் காகிதக் கோப்பைகளையும் பொறுக்கியது யார்? நானும் எதிர்வீட்டு அக்காவும்தான்.

அடுத்த ஞாயிறும் வருகிறார்களாம். பனியனில் புது வாசகம் அச்சடிக்கிறார்களாம். மண்வெட்டி கொண்டுவருவீர்களா என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை.