அந்த மஞ்சள் மூஞ்சி

புதன்கிழமை ராத்திரியிலிருந்து அந்த ஸ்கிரீன்ஷாட் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் நட்புப் பட்டியலில் பாதிப் பேர் அதைப் பகிர்ந்துவிட்டீர்கள், மீதிப் பேர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள். அதனால் கதையை நீட்டப்போவதில்லை. அப்பா போய்விட்டார் என்று ஒரு தம்பி முகநூலில் எழுதினான், அதற்குக் கீழே ஒரு பெரியவர் 'ஹாஹா' என்கிற சிரிக்கிற மஞ்சள் மூஞ்சியைப் போட்டுவிட்டார், அதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்ப, எல்லோரும் கிண்டல் செய்தீர்கள். சாவுச் செய்திக்கு 'ஹாஹா' போட்ட அந்தப் பெரியவர் என் சித்தப்பா. அவருக்குக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தவள் நான். திட்டுவதென்றால் என்னைத் திட்டியிருக்க வேண்டும். அவரைத் திட்டி முடித்தீர்கள், அவரும் கணக்கை மூடிவிட்டார். திருப்திதானே?

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. புதிதாக வருகிறவருக்கு இந்த இடம் பிடிபட நாளாகும். கொஞ்ச நாள் இல்லை, வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை தப்புத் தப்பாகத்தான் செய்வார்கள். நீங்களும் செய்தீர்கள்.

வியாழக்கிழமை காலையில் போனேன். வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. போன் கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். அதை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இஞ்ச பாரு ஆயி, இது அழுவுற மூஞ்சி இல்லையா?" என்று கேட்டார்.

நீங்களும் ஒரு தரம் பாருங்கள். பழகின கண்ணால் பார்க்காதீர்கள். கண்ணை இறுக்கி மூடியிருக்கிறது, வாய் 'ஓ'வென்று திறந்திருக்கிறது. எங்கள் பக்கத்துச் சாவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கும்போது முகம் அப்படித்தான் இருக்கும். அதிலிருந்து இரண்டு முகம் தள்ளி ஒரு சொட்டுக் கண்ணீரோடு ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் சோகம் என்று காட்டினேன். "ஒரு சொட்டா? பங்காளிகூட ரெண்டு சொட்டு வுடுவானே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"இது தெரியாவிட்டால் எதற்கு முகநூலுக்கு வர வேண்டும்?" என்று ஒருவர் எழுதியிருந்தார். 340 லைக். ஐயா, ஒரு கணக்கு கேட்கிறேன். இந்த அழுகிற முகம், சிரிக்கிற முகம் எல்லாம் வந்தது 2016 பிப்ரவரியில். லைக் பொத்தான் வந்தது 2009-ல். நடுவில் ஏழு வருஷம் யாராவது செத்தால் நீங்கள் என்ன செய்தீர்கள்? கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். அம்மா போய்விட்டாள் என்று ஒருவன் எழுதுகிறான், கீழே இருநூறு கட்டைவிரல். வெளியூர்க்காரன் யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பான்? வேறு வழியில்லை, உள்ளுக்குள் என்ன நினைத்தோம் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மை அப்போது இருந்தது. உங்களுக்கு நீங்களே காட்டிக்கொண்டீர்கள். 71 வயது ஆளுக்குக் காட்ட மட்டும் மனசு வரவில்லை.

என் கதையைச் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். 2020 ஊரடங்கு. நீடாமங்கலத்தில் என் தையல் கடை அடைத்துக் கிடந்தது. அண்ணன் மகள் சும்மா இருக்காமல் எனக்கு ஒரு கணக்கு தொடங்கிவிட்டாள். என்னோடு பத்தாவது வரை படித்த தோழி ஒருத்தியைத் தேடலாம் என்று நினைத்தேன். மேலே தேடுகிற கட்டத்தில் போட வேண்டியதை, மனசில் என்ன இருக்கிறது என்று கேட்கிற கட்டத்தில் போட்டுவிட்டேன். "செல்வி வலங்கைமான் இப்ப திருப்பூர்." அவ்வளவுதான் பதிவு. 11 லைக் வந்தது. ஒருவர் "அருமை" என்று எழுதினார். இன்னொருவர் "வாழ்த்துகள் சகோ". எதற்கு வாழ்த்தினார் என்று இன்றுவரை தெரியாது. மூன்றாம் நாள் செல்வியின் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு நம்பர் அனுப்பினாள். தேடியிருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் கிடைத்திருக்க மாட்டாள்.

யாரும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அன்றைக்கே போனைத் தூக்கிப் போட்டிருப்பேன், இன்று உங்களிடம் இவ்வளவு வாயாடிக்கொண்டிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகும் எனக்கு உடனே பிடித்துவிடவில்லை. முதல் ஆறு மாதம் வெறுப்புதான். திறந்தால் யாரோ கார் வாங்கியிருப்பார்கள், யாரோ யாரையோ கிழித்துக்கொண்டிருப்பார்கள், இன்பாக்ஸில் "ஹாய் சாப்டீங்களா" என்று முகம் தெரியாத நாலு பேர். இரண்டு தடவை ஆப்பையே எடுத்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது. எதில் நின்று பார்க்கிறோமோ அதையே மறுபடி மறுபடி கொண்டுவந்து கொட்டுகிறது. சண்டையை வாய் பார்த்தால் சண்டை, ஆரி வேலையைப் பார்த்தால் ஆரி வேலை. மடையை எந்தப் பக்கம் வெட்டுகிறோமோ அந்தப் பக்கம்தானே தண்ணீர் பாயும், இது வாய்க்கால்கரையில் பிறந்தவளுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் உறைக்கிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டியிருக்கிறீர்களா? கூட்ஸ் வண்டி வந்து, என்ஜின் மாற்றி, அது திரும்பிப் போய், கேட் திறப்பதற்குள் ஒரு ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் முடித்துவிடலாம். அந்த கேட்டில் நின்றுதான் நான் முகநூல் படிக்கப் பழகினேன். ஒரு ஆளை நட்பில் வைத்துக்கொண்டே அவர் எழுதுவது கண்ணில் படாமல் செய்யலாம் என்று கண்டுபிடித்ததும் அந்த கேட்டில்தான். சொந்தக்காரர்கள் மன்னிக்கவும்.

சித்தப்பாவுக்கு 2022-ல் தொடங்கிக் கொடுத்தேன். அந்த வருஷம் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12 வரை காத்திருக்காமல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள், ஞாபகம் இருக்கும். எங்கள் வாய்க்காலுக்கு முதல் தண்ணீர் வந்த அன்று அவர் ஒரு படம் எடுத்தார். காய்ந்த தரை வெடிப்புக்குள் இறங்கி இறங்கி, நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வருகிற தண்ணீர். வெடிப்புக்குள்ளிருந்து வெளியே ஓடிவருகிற பூச்சிகளைக் கொத்திக்கொண்டு முன்னால் இரண்டு மைனா. படம் லேசாகக் கோணல், ஓரத்தில் அவர் கட்டைவிரல். மேலே ஒரே வரி எழுதினார்: "தண்ணி வந்துட்டு."

அதற்குக் கீழே துபாயிலிருந்து ஒரு தம்பி, பக்கத்துத் தெரு, பதினாலு வருஷமாக அங்கே இருக்கிறவன், "பெரியப்பா இந்த மதகுலதான் நான் நீச்சல் பழகினேன்" என்று எழுதினான். அப்புறம் சிங்கப்பூரிலிருந்து ஒருத்தன், திருப்பூரிலிருந்து ஒருத்தி. சித்தப்பா ஒவ்வொருவருக்கும் 'சரி' என்று பதில் போட்டார். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. முகநூல் எதற்கு என்று என்னிடம் கேட்டால் நான் அந்தப் படத்தைத்தான் காட்டுவேன். இப்போது காட்ட முடியாது, கணக்கு மூடிக்கிடக்கிறது.

அதற்கடுத்த மார்கழியில் சம்பா. சி.ஆர்.1009 என்கிற நெல் கதிர் வாங்கிக்கொண்டிருந்தது. வயல் நடுவே வட்டம் வட்டமாகக் காய்ந்து தீய்ந்த மாதிரி ஆகிவிட்டது. படம் எடுத்து ஒரு விவசாயக் குழுவில் போட்டார். அரை மணி நேரத்தில் யாரோ ஒருவர், நேரில் பார்த்தே இராதவர், பதில் எழுதினார்: இது புகையான் பூச்சி, பயிரின் தூரைப் பிரித்துப் பாருங்கள், அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை வடித்துவிடுங்கள், யூரியா போடாதீர்கள், மருந்தை மேலே தெளிக்காமல் தூரில் படுகிற மாதிரி அடியுங்கள். அடுத்த தடவை நடும்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விடுங்கள், காற்றும் வெளிச்சமும் உள்ளே போகும். சித்தப்பா குனிந்து தூரைப் பிரித்துப் பார்த்தார், இருந்தது. பாதி வயலாவது தப்பித்தது. அடுத்த வருஷம் கயிறு கட்டிப் பட்டம் விட்டு நட்டார். நாற்பது வருஷமாக நெருக்கி நட்ட மனுஷன். பழகத் தெரியாதவர் என்று சொல்கிறீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

சரி, நியாயமான கேள்விக்கு வருகிறேன். "அப்பாவைப் பறிகொடுத்தவனுக்கு அதைப் பார்த்தால் வலிக்காதா?" வலிக்கும். அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் நிலையில் நானும் கத்தியிருப்பேன். ஆனால் அவன் முதலில் எழுதியது "யார் இவர்?" என்று மட்டும்தான். மேலே போய்ப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தது அவன் இல்லை. "இதுங்களுக்கெல்லாம் போன் வாங்கிக் கொடுத்தது யாரு" என்று எழுதியது அவன் இல்லை. பேரைப் பார்த்தாலே எந்த ஆளுன்னு தெரியுது என்று ஒரு படித்தவர் எழுதினாரே, அதுவும் அவன் இல்லை. அவன் ஒரு வரி கேட்டான். நீங்கள் பந்தல் போட்டுவிட்டீர்கள்.

குட் மார்னிங் படம் தொல்லை, பெருசுகள் புரளி பரப்புகிறார்கள் என்றும் சிலர். புரளி பரப்புகிறவர்களுக்கு வயது வரம்பு இல்லை, அதை இன்னொரு நாள் பேசலாம். குட் மார்னிங் படத்தால் யாரும் செத்ததாக நான் கேள்விப்படவில்லை.

யார் இவர் என்று கேட்டானே, அதற்காவது பதில் சொல்கிறேன். செத்துப்போனவரும் சித்தப்பாவும் ஒரே பெஞ்சு. 2016-ல் தண்ணீர் இல்லாமல் சம்பா கருகி, வீட்டில் விதைநெல்கூட மிஞ்சாதபோது கேட்காமலே மூட்டையை ஆள்விட்டு அனுப்பினவர் அவர். கடைசி நாலு வருஷம் மகன் வீட்டோடு சென்னையில் இருந்தார். அங்கேயே போய்விட்டார், அங்கேயே காரியத்தை முடித்துவிட்டார்கள். ஊருக்குக் கொண்டுவரவில்லை. அது குடும்பத்தின் முடிவு, எனக்குச் சொல்ல உரிமை இல்லை. ஆனால் துக்கம் கேட்க சித்தப்பாவுக்கு இருந்த ஒரே வாசல் அந்தப் பதிவு. வாசலுக்குப் போனார், கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். நீங்கள் பார்த்தது 'ஹாஹா'.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் தொண்டையில் நிற்கும். கிண்டல் செய்த கூட்டத்தில் ஒருவர் பெங்களூரில் இருக்கிறார். பொங்கலுக்குப் பொங்கல் 'டெல்டாக்காரன்டா' என்று எழுதுவார். அவருடைய முகப்பில் இருக்கிற படம் நாற்றங்கால், பனிக்காலத்து விடியல், நுனியில் சொட்டுச் சொட்டாக ஈரம். நல்ல படம். சித்தப்பா எடுத்தது. ஓரத்தில் கட்டைவிரல் இருந்தது, அதை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார். பெயரும் போடவில்லை, கேட்கவும் இல்லை. சித்தப்பாவுக்குத் தெரியும். "நம்ம வயலு மெட்ராஸ் தாண்டிப் போயிருக்கு" என்று சந்தோஷப்பட்டார். அந்தப் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு அவரை 'இதுங்க' என்று எழுதியிருக்கிறீர்கள். வயல் வேண்டும், வயலில் நிற்கிற ஆள் வேண்டாம். மண்வாசனை வேண்டும், மண் கை வந்து திரையில் பட்டால் அசிங்கம். ஊரைவிட்டுப் போய்விட்டு எங்களுக்கு நாகரிகம் சொல்லித்தர வேண்டாம், எங்களுக்குத் தெரிந்த நாகரிகத்தில் சாவுக்கு வந்தவனைப் பந்தலில் வைத்து யாரும் படம் பிடிப்பதில்லை.

நான் மட்டும் என்ன யோக்கியம்? புதன் ராத்திரி அந்த ஸ்கிரீன்ஷாட் எனக்கும் வந்தது. பெயரை மறைத்திருந்தார்கள். நானும் சிரித்தேன். கடையில் காஜா எடுக்கிற பெண்ணிடம் காட்டினேன், அவளும் சிரித்தாள். பெயர் தெரிந்தது மறுநாள் காலையில்தான். அழுகிற முகம் எது என்று நான் அவருக்கு ஒருநாளும் காட்டித் தரவில்லை. லைக் போடக் காட்டினேன், படம் போடக் காட்டினேன். சாவைப் பற்றி யோசிக்கவில்லை.

இன்று காலையில் கடைக்கு வந்தார். போனை மஞ்சள்பையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். "இதுல அந்த மூஞ்சியெல்லாம் வராம பண்ண முடியுமா?" என்றார். முடியாது சித்தப்பா என்றேன். கொஞ்ச நேரம் மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அந்தப் பையன் நம்பரு மட்டும் வாங்கிக் குடு ஆயி. பேசிப்புடுறேன். அவன் அப்பன் எனக்கு வெத நெல்லு குடுத்தான்னு அவனுக்குத் தெரியாது" என்றார்.

அந்தத் தம்பி என்னை பிளாக் செய்துவிட்டான். இரண்டு பேருக்கும் பொதுவான நண்பர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவனிடம் கேட்டுவிட்டு, சரி என்றால் மட்டும், நம்பரை இன்பாக்ஸில் அனுப்புங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்றால் சித்தப்பா வீட்டில் இருப்பார்.