எப்படி ஆடப் போகிறோம் என்று முதலில் சொல்லுங்கள்

2025 நவம்பர் 18 அன்று டாக்காவில், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நம் கால்பந்து அணி பங்களாதேஷிடம் 0-1 என்று தோற்ற ஆட்டம் முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் முன்னாள் அணித்தலைவர் சுனில் சேத்ரியை வைத்து எங்கே பார்த்தாலும் "சேத்ரி இருந்திருந்தால் ஜெயித்திருப்போம்" என்று ஒரு பக்கமும், "வயசானவரைத் திரும்பக் கூப்பிட்டதால்தான் அணியே நாசமாகிவிட்டது" என்று இன்னொரு பக்கமும் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆளைப் பற்றித்தான் பேசுகிறது. ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்த எரிச்சலில் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

11வது நிமிடத்தில் பங்களாதேஷின் மொர்சாலின் அடித்த கோலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. என்னை வாட்டுவது அதற்குப் பிறகு மிச்சமிருந்த எண்பது நிமிடம். ஒரு கோலைத் திருப்பி அடிக்க எண்பது நிமிடம் என்பது தாராளமான நேரம். ஆனால் எந்த வழியாகப் போய் அடிக்கப் போகிறோம் என்று நம் ஆட்டக்காரர்கள் யாருக்காவது தெரிந்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பங்களாதேஷிடம் கடைசியாக நாம் தோற்றது 2003இல். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு மறுபடி தோற்றிருக்கிறோம். இந்தத் தோல்விக்குப் பிறகு உலகத் தரவரிசையில் 142.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். எப்படி ஆடப் போகிறோம் என்று முடிவு செய்யாமல், யாரை ஆட வைப்பது என்று முடிவு செய்துகொண்டிருக்கிறோம். முதலில் ஆட்டமுறை, அப்புறம்தான் ஆள். நம் தேசிய அணியில் இது பல வருடமாகத் தலைகீழாக நடக்கிறது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 2019 செப்டம்பரில் தோஹாவில் கத்தாரை 0-0 என்று நிறுத்தினோம். அப்போது கத்தார் ஆசியச் சாம்பியன். சேத்ரி அன்றைக்கு ஆடவில்லை. குர்ப்ரீத் கோலுக்கு முன்னால் மலைபோல நின்றார். நாடே கொண்டாடியது, நானும் கொண்டாடினேன். அடுத்த மாதமே கொல்கத்தா சால்ட் லேக்கில் பங்களாதேஷோடு ஆட்டம். 88வது நிமிடத்தில் ஆதில் கான் தலையால் அடித்திருக்காவிட்டால் தோற்றிருப்போம். 1-1. அதே பயிற்சியாளர், கிட்டத்தட்ட அதே ஆட்கள்.

ஏன் இப்படி? கத்தாரோடு ஆடும்போது பந்து அவர்களிடம் இருக்கும். நமக்கு வேலை தடுப்பது மட்டும். பங்களாதேஷோடு ஆடும்போது அவர்கள் பின்னால் கூடி நிற்பார்கள், பந்தை நம்மிடம் விட்டுவிடுவார்கள். அந்தப் பந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நமக்குத் தெரியாது. 2024 மார்ச்சில் ஆப்கானிஸ்தானோடு சவூதியின் அபாவில் 0-0. ஐந்து நாள் கழித்து குவாஹாத்தியில், சேத்ரி தன் 150வது ஆட்டத்தில் பெனால்ட்டி அடித்து முன்னிலை கொடுத்தும் 1-2 தோல்வி. 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் பங்களாதேஷோடு 0-0. அக்டோபரில் கோவாவின் மட்காவில் சாங்டே 14வது நிமிடத்திலேயே கோல் அடித்தும் சிங்கப்பூரிடம் 1-2, அதோடு ஆசியக் கோப்பை வாய்ப்பும் போனது. இப்போது டாக்கா. இத்தனை ஆட்டத்திலும் வந்துபோன பயிற்சியாளர்கள் மூன்று பேர். வியாதி ஒன்றுதான்.

சரி, சேத்ரி விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூன் 6 அன்று குவைத்தோடு ஆடிவிட்டு, கண்ணீரோடு விடைபெற்றவர் அவர். 151 ஆட்டம், 94 கோல். ஒன்பது மாதத்தில், நாற்பது வயதில், அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். "வெட்கமில்லையா" என்று அன்றைக்குக் கேட்டவர்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். நம் கிளப்புகள் ஆடும் லீக்கான ஐ.எஸ்.எல்.லில் அந்தச் சீசனில் அதிகக் கோல் அடித்த இந்தியர் யார்? சேத்ரிதான். 14 கோல். பயிற்சியாளர் வேறு யாரைக் கூப்பிடுவார்? 2014 முதல் 2025 வரை அந்த லீக்கில் 11 சீசன் முடிந்தது. அதில் ஒரு சீசனில்கூட, அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை ஓர் இந்தியர் வாங்கியதில்லை. கிளப்புகள் கோல் அடிக்கும் வேலையை வெளிநாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, நம் பையன்களை ஓரத்து விங்குக்கும் தடுத்து ஆடும் பேக்குக்கும் அனுப்பிவிடுகின்றன. அப்படி வளர்ந்தவனைக் கூட்டிவந்து நாட்டுச் சட்டையைப் போட்டுவிட்டு, போய் நடுவில் நின்று கோல் அடி என்றால் அவன் என்ன செய்வான்?

திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே மாலத்தீவோடு கோல் அடித்தார் சேத்ரி. அது 95வது. அப்புறம் வறட்சி. அதற்காக அந்த மனிதரை என்னவெல்லாம் பேசினார்கள்! நாடு கூப்பிட்டது, வந்தார். இப்போது மறுபடி விடைபெற்றுவிட்டார். டாக்காவில் அவர் இல்லை. அங்கேயும் கோல் இல்லை. இப்போது யாரைத் திட்டுவீர்கள்?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கலாம். நான் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். எங்கள் ஊரில் மைதானம் என்று தனியாக எதுவும் கிடையாது. கரமடி வலை இழுத்து முடிந்த பிறகு, அலை வற்றி மணல் இறுகியிருக்கும் நேரம்தான் எங்கள் மைதானம். மணலில் பந்து உருளாது. அதனால் பந்தைத் தூக்கிக் கொடுப்போம், நெஞ்சில் வாங்குவோம், கீழே விழுவதற்குள் அடுத்தவனுக்குத் தட்டிவிடுவோம். அப்படி ஆடச் சொல்லி யாரும் சொல்லித்தரவில்லை. மணல் கற்றுக்கொடுத்தது. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் திருவிழா செவன்ஸ் போட்டிகளில் ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஆட்டம் உண்டு. சட்டையைப் பார்க்காமலே எந்த ஊர்ப் பையன் என்று சொல்லிவிடலாம்.

பதினோராம் வகுப்பில் மாவட்ட அணித் தேர்வுக்குப் போனேன். எண்பது பையன்கள் இருப்போம். ஒரே நாளில் முடிவு. என்னோடு வந்த நண்பன் ஒருவன் இடது கால்காரன், நடுவில் நின்று ஆடுபவன். அவன் கொடுக்கிற பந்து ஓடுகிறவனின் காலுக்கு அளந்த மாதிரி போய் விழும். அவனிடம் தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நடுவுல ஆள் ஆச்சு. பேக் ஆடுறியா?" தலையாட்டினான். அணிக்குள் வர வேண்டுமே, வேறென்ன சொல்வான்? முதல் ஆட்டத்தில் பழக்கதோஷத்தில் மேலே மேலே ஏறிப் போனான், பின்னால் இடம் காலியானது, இரண்டு கோல் வாங்கினோம். அடுத்த ஆட்டத்துக்கு அவன் இல்லை. "தடுப்பாட்டம் வராது" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். நான் வெளியே உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரன். மூன்று நாள் முகாமில் எங்களுக்குக் கிடைத்த ஒரே திட்டம் "பந்து கிடைச்சா மேல அடி" என்பதுதான். மேலே அடிக்கிற ஆட்டத்துக்கு நல்ல பாஸ் கொடுக்கிறவன் எதற்கு? அவன் இப்போது ஆழ்கடல் படகில் இருக்கிறான். கரைக்கு வந்தால் இந்திய ஆட்டம் என்று சொன்னால்கூட எழுந்து போய்விடுவான்.

எங்கள் கரையிலிருந்து இந்திய அணி வரை போனவர் மைக்கேல் சூசைராஜ். இரவிபுத்தன்துறைக்காரர். 2019இல் இந்தியாவுக்கு ஆடியபோது எங்கள் கரை முழுக்கப் பெருமை. நடுவில் முன்னால் நின்று பந்தை வைத்து வித்தை காட்டியவர். பிறகு கொல்கத்தா அணியில் அவரை இடது விங் பேக்காக மாற்றினார்கள். அங்கேயும் நன்றாகவே ஆடினார், அணி பட்டமும் வாங்கியது. 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது. அது விதி, யார் மேலும் பழி சொல்ல முடியாது. ஆனால் அவரைப் போன்ற ஒருவரைச் சுற்றி ஓர் ஆட்டத்தைக் கட்டலாம் என்று தேசிய அணியில் யாராவது ஒரு நாளாவது யோசித்திருப்பார்களா? என் மனதை விட்டுப் போகாத கேள்வி இது.

"ஓ, தமிழ்ப் பையன்களைச் சேர்க்கவில்லை என்ற கோபமா?" என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. இல்லை. மிசோரமிலிருந்து பதினோரு பேர் ஆடினாலும் எனக்குச் சம்மதம். ஈஸ்ட் பெங்கால் அணிக்காக 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை ஒரே கோலில் சாய்த்த நந்தகுமார் சென்னைப் பையன் என்பதால் சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. அதற்காக அவரை எடுத்தே ஆக வேண்டும் என்று நான் எங்கேயும் எழுதியதில்லை. விங் வழியாக ஆடப் போகிறோம் என்றால் எடுங்கள், இல்லையென்றால் விடுங்கள். எடுத்தாலும் விட்டாலும் காரணம் ஆட்டத்தில் இருக்கட்டும்.

இன்னொரு வாதம் வரும். லீக்கே நடக்கவில்லை, பையன்கள் எப்படி ஆடுவார்கள் என்று. ஒத்துக்கொள்கிறேன். டாக்கா ஆட்டம் நடந்தபோது, ஒப்பந்தப் பிரச்சினையில் ஐ.எஸ்.எல். 2025 ஜூலையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. சம்பளம் வருமா என்று தெரியாமல் ஆட்டக்காரர்கள் நின்றார்கள். பெரிய அநியாயம் அது. ஆனால் குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் தோற்றபோது லீக் நடந்துகொண்டுதானே இருந்தது? ஷில்லாங்கிலும் நடந்துகொண்டுதானே இருந்தது?

நம் பெண்களைப் பாருங்கள். ஆண்கள் லீக்கில் புழங்கும் பணத்தில் ஒரு துளிகூட அவர்கள் பக்கம் போவதில்லை. 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில், தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தகுதிச் சுற்று ஆடி உள்ளே போவது அவர்களுக்கு இதுதான் முதல் தடவை. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். நடுக்களத்துக்காரி. முன்னால் நிற்பவர்கள் இடத்தைத் திறந்துவிட, பின்னாலிருந்து வந்து அடிக்கிறாள். அந்த ஆட்டத்தைப் பார்த்தபோது, இவர்களுக்கு என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்கிறது என்ற ஒரு நிம்மதி வந்தது. அதே நிம்மதிக்காகத்தான் ஆண்கள் அணியிடம் இத்தனை வருடமாகக் காத்திருக்கிறேன்.

டாக்காவில் நம் பயிற்சியாளராக இருந்த காலித் ஜமிலைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மிசோரமின் ஐஸ்வால் அணியை ஐ-லீக் சாம்பியனாக்கியவர். ஓர் இந்தியர் இந்தப் பொறுப்புக்கு வந்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். வந்த உடனே மத்திய ஆசியப் போட்டியில் தஜிகிஸ்தானை அதன் ஊரில் வைத்து வென்றார், ஓமானைப் பெனால்ட்டியில் சாய்த்து மூன்றாம் இடம் வாங்கினார். ஆனால் அதுவும் தடுத்து நின்று அடிக்கும் ஆட்டம். பலசாலியோடு அது எடுபடும். பந்து நம் காலுக்கு வந்ததும் பழைய கதைதான். "இளைஞர்களை இறக்கினாரே" என்கிறார்கள். இறக்கினார், சரி. இளமை ஓர் ஆட்டமுறையா? இருபது வயதுப் பையனுக்கும் பந்து எங்கிருந்து வரும், தான் எங்கே ஓட வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

முன்வரிசை ஆட்டக்காரர் ரயான் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு நமக்காக வந்திருக்கிறார். மனதார வரவேற்கிறேன். அவருக்கும் இதே கேள்விதான் காத்திருக்கிறது.

பழைய இந்தியப் பயிற்சியாளர் ரஹீம் சாபைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல் போட்டிருந்தது. அவரைக் கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார் ரஹீம். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்றோம், அதில் ஒரு கோல் பி.கே. பானர்ஜி, இன்னொன்று ஜர்னைல். "பார்த்தீர்களா, அவரும் ஆளை இடம் மாற்றினார்தானே, உங்கள் நண்பனைப் பேக்கில் நிறுத்தியது மட்டும் தப்பா?" என்று மடக்கலாம். ரஹீமுக்கு அந்த அணியின் ஆட்டம் உள்ளங்கை மாதிரி தெரியும். வருடக்கணக்கில் அவரே கட்டிய ஆட்டம் அது. எந்த இடத்தில் யாரை வைத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்து மாற்றினார். என் நண்பனை மாற்றியவருக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. இரண்டும் ஒன்று என்று சொல்பவரோடு என்னால் வாதாட முடியவில்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். கடல் அரிப்பில் நாங்கள் ஆடிய இடத்தில் பாதி இல்லை. மிச்ச இடத்தில் பத்துப் பன்னிரண்டு பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதே ஆட்டம். தூக்கிக் கொடுத்து, நெஞ்சில் வாங்கி, கீழே விழுவதற்குள் தட்டிவிட்டு. அதில் ஒருவனுக்குப் பதினான்கு வயது இருக்கும், இடது கால். எந்தப் பொசிஷன்டா என்று கேட்டேன். "எங்க நிக்கச் சொன்னாலும் நிப்பேன் அண்ணா" என்றான். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

டாக்காவுக்குப் பிறகு, 2026 மார்ச் 31 அன்று ஹாங்காங்கோடு ஓர் ஆட்டம்தான் மிச்சம். ஜெயித்தாலும் பயனில்லாத ஆட்டம். அதையும் பார்ப்பேன். தோற்றாலும் பரவாயில்லை. பந்து நம் காலில் இருக்கும்போது பதினோரு பேரும் ஒரே பக்கம் யோசிக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.