கிம் மின்-ஜே பேராசைக்காரரா?

2024 ஏப்ரல் 30, மியூனிக். ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டம், ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கும் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டும். 24வது நிமிடத்தில் மாட்ரிட்டின் வினிசியஸ் பந்து வாங்க வருவதுபோல நடுக்களம் பக்கம் இறங்குகிறார். பயர்னின் கொரிய டிஃபெண்டர் கிம் மின்-ஜே அவர் முதுகை ஒட்டியபடியே தன் இடத்தை விட்டு முன்னேறி வருகிறார். வினிசியஸ் சட்டென்று திரும்பி ஓட, கிம் விட்டுவந்த அந்தக் காலி இடத்துக்குள் டோனி குரூஸ் பந்தை உருட்டிவிடுகிறார். கோல். கடைசி பத்து நிமிடத்தில் ரொட்ரிகோவைப் பெட்டிக்குள் வீழ்த்தி பெனால்டி கொடுத்ததும் கிம்தான். ஜெயிக்க வேண்டிய ஆட்டம் 2-2.

முடிந்ததும் பயர்ன் கோச் தாமஸ் துக்கெல் மைக் முன்னால் நின்று, கிம்முக்குப் பேராசை, பந்துக்காக முந்திக்கொண்டு பாய்கிறார் என்று பெயரைச் சொல்லியே போட்டுத் தாக்கினார். தவறு கிம்முடையதுதான், இரண்டு கோலுமே. அதில் வக்காலத்து வாங்க ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து "அவரா, அவர் கோல் விட்டுக்கொடுக்கிற ஆளாச்சே" என்று கமெண்ட் போடுகிற கூட்டத்தைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. அந்த முந்திப் பாய்கிற ஆட்டத்துக்காகத்தானே ஐயா ஒன்பது மாதம் முன்னால் சுமார் 5 கோடி யூரோ கொட்டிக்கொடுத்து அவரை வாங்கினீர்கள்?

அதற்கு முன் இத்தாலியின் நாப்போலி கிளப்பில் அவர் ஆடியது ஒரே ஒரு சீசன், 2022-23. எட்டு வருஷம் அங்கே தூணாக நின்ற டிஃபெண்டர் கூலிபாலி இங்கிலாந்தின் செல்சிக்குப் போன இடத்துக்கு, யாரிந்த கொரியாக்காரன் என்று முகம் சுளித்த ஊருக்கு வந்தார். செப்டம்பரிலேயே இத்தாலிய லீக்கான சீரி ஆவின் அந்த மாதத்துச் சிறந்த ஆட்டக்காரர். அதே மாதம் சான் சிரோவில் மிலானுக்கு எதிரான ஆட்டம். 2-1 என்று நாப்போலி முன்னணியில் இருக்க, கடைசி நேரத்தில் பிராஹிம் டியாஸ் கோலுக்குள் அனுப்பப் பார்த்த பந்தைக் காலை நீட்டித் தடுத்தாரே, தேடிப் பாருங்கள். பக்கத்தில் இருந்த சக டிஃபெண்டர் ரஹ்மானி கோல் போட்டவரைக் கட்டிப்பிடிப்பதுபோல ஓடிவந்து கட்டிப்பிடிப்பார். மரடோனா காலத்துக்குப் பிறகு 33 வருஷம் காத்திருந்த ஊருக்கு லீக் பட்டம் வந்தது. லீக்கின் சிறந்த டிஃபெண்டர் விருதும் கிம்முக்கே.

அந்த சீசனில் நாப்போலி 38 ஆட்டத்தில் வாங்கிய கோல் 28, லீக்கிலேயே குறைவு. கிம் போன அடுத்த சீசனில் வாங்கியது 48. பட்டம் வென்ற அணி பத்தாவது இடத்துக்குச் சரிந்தது. இதெல்லாம் கிம் ஒருவரால்தான் என்று நான் அளக்க மாட்டேன். கோச் ஸ்பலெட்டியும் போய்விட்டார், பிறகு ஒரே சீசனில் மூன்று கோச்சுகள். ஆனால் நான் சொல்ல வருவதும் அதுதான். சென்டர் பேக், அதாவது நடுவில் நிற்கிற டிஃபெண்டர், தனியாள் இல்லை.

கட்டிலை மாடியிலிருந்து இருவர் இறக்கும்போது முன்னால் போகிறவர் வேகமாக இறங்கலாமா என்பது பின்னால் பிடித்திருப்பவரைப் பொறுத்தது. நாப்போலியில் கிம் முன்னே பாய்ந்தால் ரஹ்மானி பின்னால் இடத்தை அடைத்துவிடுவார். ரஹ்மானிக்குக் காயம் என்றால் ஜுவான் ஜெசுஸ். இருவருமே அலட்டிக்கொள்ளாமல் நின்று ஆடுகிற ரகம். முன்னால் நடுக்களத்தில் லோபோட்கா. பயர்னில் அவர் பக்கத்தில் பெரும்பாலும் நின்றவர் உபமெகானோ, அவரும் முன்னேறிப் பாய்கிற ஆள். இரண்டு பேரும் ஒரே குணம் என்றால் பின்கட்டை யார் பார்ப்பது? அந்த ஏப்ரல் ஆட்டத்தில் ஜோடி எரிக் டயர். அதுவும் இன்னொரு சென்டர் பேக் டி லிக்ட்டுக்குக் காயம் என்பதால் திடீரென்று அமைந்த ஜோடி.

டயர் எப்படி உள்ளே வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும், வெளிநாட்டில் ஆடுகிறவனின் தலையெழுத்து அங்கேதான் தெரியும். அந்த சீசனின் முதல் பாதி முழுக்க, டி லிக்ட்டும் உபமெகானோவும் மாறி மாறிக் காயத்தில் உட்கார, ஓய்வே இல்லாமல் ஆடித் தள்ளியது கிம். நடுவே தேசிய அணிக்காக ஆசியாவுக்குப் பறந்துவிட்டு வருவது வேறு. ஜனவரியில் ஆசியக் கோப்பைக்காக கத்தார் போனார். அந்த நேரத்தில் பயர்ன் டயரை எடுத்தது. கொரியா அரையிறுதியில் ஜோர்டானிடம் 2-0 என்று தோற்றது, மஞ்சள் அட்டைத் தடையால் கிம் அந்த ஆட்டத்தில் இறங்கவே முடியவில்லை. மியூனிக் திரும்பி வந்தால் சில வாரங்களில் டயரும் டி லிக்ட்டும் நிலையான ஜோடி, கிம் பெஞ்சில். நாட்டுக்கு ஆடப் போன இடைவெளியில் நாற்காலி பறிபோனது. பிரேசில்காரர்களுக்கும் அர்ஜென்டினாக்காரர்களுக்கும் அவர்கள் கண்டத்துக் கோப்பையான கோபா அமெரிக்கா கோடையில் வந்துவிடுகிறது. ஆசிய, ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களுக்குத்தான் லீக் சூடு பிடிக்கிற ஜனவரியில் இந்தச் சோதனை.

இன்னொன்று, ஸ்ட்ரைக்கருக்குப் பாஷை தெரியாவிட்டாலும் ஓரளவு ஓட்டிவிடலாம், ஓடினால் பந்து வரும். டிஃபெண்டர் வாயாலும் ஆட வேண்டும். "லைனை ஏத்து", "நீ நில்லு, நான் போறேன்", "பின்னாடி ஆள்!" இதெல்லாம் அரை நொடியில் கத்த வேண்டிய விஷயம். கிம் சீனா, துருக்கி, இத்தாலி, ஜெர்மனி என்று ஐந்து வருஷத்துக்குள் நாலு நாட்டு டிரெஸ்ஸிங் ரூம் பார்த்தவர். ஒவ்வொரு இடத்திலும் ஆரம்பத்திலிருந்து.

தோங்யோங் என்கிற துறைமுக ஊரில் மீன் உணவுக்கடை வைத்திருந்த வீட்டுப் பிள்ளை அவர். கொரிய கிளப் ஜியோன்புக்கில் இரண்டு லீக் பட்டம், கால் எலும்பு முறிந்து 2018 உலகக் கோப்பை போச்சு, அதே வருஷம் ஆசிய விளையாட்டில் தங்கம். அந்தத் தங்கம் இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை. கொரிய ஆண்களுக்கு ராணுவச் சேவை கட்டாயம். தங்கம் வாங்கியதால் அது சில வாரப் பயிற்சியாகச் சுருங்கியது. 2023 கோடையில், பயர்ன் பேரம் பேசிக்கொண்டிருந்த சமயத்தில், இத்தாலியின் சிறந்த டிஃபெண்டர் மொட்டை அடித்துக்கொண்டு ராணுவ முகாமில் இருந்தார்!

2019ல் சீன கிளப் பெய்ஜிங் குவோவானுக்குப் போனபோது ஊரே திட்டியது. சீன லீக்கில் ஆடினால் டிஃபெண்டர் துருப்பிடித்துவிடுவான் என்று கொரிய ரசிகர்களிடம் ஒரு தியரியே உண்டு. 2018 உலகக் கோப்பையில் ஜெர்மனியை வீட்டுக்கு அனுப்பிய அந்த முதல் கோலை அடித்த கிம் யங்-குவோன் அப்போது சீனாவின் குவாங்சோ கிளப் ஆட்டக்காரர் என்பது யாருக்கும் நினைவில்லை. பெய்ஜிங்கிலிருந்து சுமார் 30 லட்சம் யூரோவுக்குத் துருக்கியின் ஃபெனர்பாச்சே, அங்கே ஒரே வருஷம், பிறகு நாப்போலி. துருப்பிடித்த லட்சணம் அது.

2024-25ல் பயர்னுக்குக் கொம்பனி கோச்சாக வந்ததும் கிம் மறுபடி முதல் பதினொன்றில். கொம்பனியே பெல்ஜியத்திலிருந்து கிளம்பி ஹாம்பர்க், மான்செஸ்டர் என்று வாழ்ந்த சென்டர் பேக். டிஃபெண்டர் வரிசையை நடுக்களம்வரை ஏற்றி ஆடச் சொன்னார், கிம்மின் வேகத்துக்கு அது பொருந்தியது. ஆனால் அக்டோபரிலிருந்தே குதிகால் தசைநாணில் வலி. மார்ச்சில் சக டிஃபெண்டர்கள் இட்டோ, உபமெகானோ இருவருமே காயத்தில் போக, வலியோடு இவரே இறங்கினார். கொரிய தேசிய அணியின் கோச் ஹாங் மியுங்-போ, பயர்ன் ஆளைப் பாதுகாக்கவில்லை என்று வெளிப்படையாகவே குறை சொன்னார். ஏப்ரலில் டோர்ட்மண்ட் ஆட்டத்தில் பின்னால் வந்த எதிரணியின் பையரைக் கவனிக்காமல் விட்டு ஒரு கோல். உடனே பழைய பஜனை ஆரம்பம். அந்தக் காலை வைத்துக்கொண்டு அந்த ஆட்டத்தில் ஏன் இறக்கினீர்கள் என்று கேட்டவர் சிலர்தான். ஜெர்மன் லீக்கான புண்டஸ்லிகா பட்டம் வந்தது. ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீக்குகளில் இரண்டில் பட்டம் வென்ற முதல் கொரியர் இவர், அதற்கு ஒரு வரி கைதட்டல்கூட நம் டைம்லைனில் பார்க்கவில்லை.

2025 கோடையில் இன்னொரு சென்டர் பேக் ஜோனதன் டா, லெவர்குசன் கிளப்பிலிருந்து பயர்னுக்கு வந்துவிட்டார். கிம்மின் இடம் மறுபடி ஆட்டம் கண்டது. என்னைக் கேட்டால் இத்தாலிக்கே திரும்பிப் போகட்டும். மூன்று பேர் பின்வரிசை ஆடுகிற அணியாக இருந்தால் இன்னும் உத்தமம், இவர் பாய்ந்தாலும் பின்னால் இருவர் மிச்சம் இருப்பார்கள். இடிக்கிற ஒரே விஷயம் பயர்ன் கொடுக்கிற சம்பளம். இத்தாலியில் அதைத் தருகிற கிளப்பை விரல் விட்டு எண்ணலாம், முப்பதை நெருங்குகிற டிஃபெண்டருக்கு அவர்களும் தயங்குவார்கள்.