963 லீக் ஆட்டமா? ஒரு சிறு திருத்தம்

இங்கிலாந்துக் கால்பந்தில் ஒரே கிளப்புக்காக அதிக லீக் ஆட்டம் (பருவம் முழுக்கப் புள்ளிப்பட்டியலுக்காக நடப்பவை) ஆடியவர் ரயன் கிக்ஸ், 963 என்று சிலர் பகிர்கிறார்கள். எண் சரி, அது எதன் கணக்கு என்பதுதான் மாறிவிட்டது. 963 என்பது கோப்பைப் போட்டிகள், ஐரோப்பிய ஆட்டங்கள் எல்லாம் சேர்ந்த கணக்கு. மான்செஸ்டர் யுனைடெடுக்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 672.

லீக் சாதனை ஜான் ட்ரோலப்புடையது: ஸ்விண்டன் டவுன் கிளப்பின் இடது பேக் (இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர்), 1960 முதல் 1980 வரை 770 லீக் ஆட்டங்கள். போர்ட்ஸ்மவுத்தின் ஜிம்மி டிக்கின்சன் வைத்திருந்த 764-ஐத் தாண்டியவர். ஸ்விண்டன் பெரும்பாலும் மூன்றாம் டிவிஷனில் (லீக்கின் மூன்றாம் நிலையில்) கிடந்த கிளப் என்பதால் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. (அதே அணிதான் 1969 லீக் கோப்பை இறுதியில் ஆர்சனலை 3-1 என்று வீழ்த்தியது, அன்று இடது பேக்கும் இவரே.)

சரிபார்க்க விக்கிப்பீடியாவே போதும். வீரர் பக்கத்தின் வலப்புறப் பெட்டியில் வருவது உள்நாட்டு லீக் ஆட்டங்கள் மட்டும். கீழே உள்ள விரிவான அட்டவணையின் கடைசி நெடுவரிசைதான் மொத்தம். ஒருவருக்குப் பெட்டியையும் இன்னொருவருக்குக் கடைசி நெடுவரிசையையும் எடுத்து ஒப்பிட்டால் இந்தக் குழப்பம்தான் வரும். மொத்தக் கணக்கு என்று போட்டால் கிக்ஸ்தான் முன்னே, அதில் தகராறு இல்லை.