ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டம்

கொழும்பிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஒருபால் உறவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகளைப் பற்றிப் பேச்சு வந்தது. "அதெல்லாம் சும்மா புத்தகத்தில கிடக்குது, ஒருத்தரையும் பிடிக்கிறதில்லை" என்றார். யாருக்கும் தீங்கு நினைக்காத மனிதர் அவர். ஆனாலும் அந்தச் சொல் எனக்கு நெருடியது. வயது வந்த இருவர் தங்கள் விருப்பத்தோடு நான்கு சுவருக்குள் வைத்துக்கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவைப் பற்றி, 2018 வரை இங்கே நீதிமன்ற வளாகத்தில் இதே சொல்லை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் நானே அப்படிச் சொன்னதும் உண்டு.

அந்த எண்ணத்தை மாற்றியவர் 2014இல் எங்கள் சீனியரின் அலுவலகத்துக்கு வந்த ஓர் இளைஞர். நான் அப்போது ஜூனியர். கடற்கரைச் சாலையோரம் நிறுத்தியிருந்த காரில் அவரும் அவருடைய நண்பரும் இருந்தபோது, காவலர்கள் என்று சொல்லிக்கொண்ட இருவர் வந்து மிரட்டி, ஏ.டி.எம். வாசல் வரை கூட்டிப்போய்ப் பணம் எடுக்கவைத்து, கைக்கடிகாரத்தையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் உண்மையிலேயே காவலர்களா என்பது அவருக்கு அன்றும் தெரியாது. பட்டப்பகலில் நடந்த வழிப்பறிக்குப் புகார் எழுதுவது எந்த வக்கீலுக்கும் அரை மணி நேர வேலை. நான் தாளை எடுத்துவிட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "நான் அங்கே யாரோடு இருந்தேன் என்பதையும் எழுத வேண்டுமா சார்?" நீங்கள் எழுதாவிட்டாலும் ஸ்டேஷனில் கேட்பார்கள் என்றார் சீனியர். பாதி எழுதியிருந்த தாளை அவர் கேட்டு வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்தச் சுரைக்காயை வைத்துச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

இந்தச் சம்பவத்துக்கு வழக்கு எண் கிடையாது. அதனால் எந்தக் கணக்கிலும் இது வராது. 2013 டிசம்பர் 11 அன்று, டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் தளர்த்தியிருந்த 377ஐச் சுரேஷ்குமார் கௌஷல் வழக்கில் மீண்டும் உயிர்ப்பித்த உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், 150 ஆண்டுகளுக்கும் மேலாக இப்பிரிவின்கீழ் வழக்குக்கு உள்ளானவர்கள் 200 பேருக்கும் குறைவு என்று, வெளியான தீர்ப்புகளை வைத்துக் கணக்குக் காட்டினார்கள். பாதிக்கப்படுவோர் மிகச் சிறிய கூட்டமே என்பது அவர்கள் வாதத்தின் ஒரு கால். சட்ட இதழ்களில் வெளியாகும் தீர்ப்புகள் பெரும்பாலும் மேல்முறையீடு வரை போனவை என்பது எங்கள் தொழிலில் கத்துக்குட்டிக்கும் தெரியும். காவல் நிலையத்தில் பேசி முடித்தவை, வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்ற மிரட்டலோடு நின்றவை, மடித்துச் சட்டைப்பையில் வைக்கப்பட்டவை எல்லாம் அந்த 200க்கு வெளியே இருப்பவை. நாட்டின் உச்ச நீதிமன்றம் இதைக் கணக்கில் எடுக்காமல் விட்டது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

கணக்கில் வந்தவற்றைப் படித்தாலும் ஆறுதல் கிடைக்காது. 1884இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கை எடுத்துக்கொள்வோம். பெண்ணுடையில் பாடிக்கொண்டிருந்ததற்காகக் கவனத்துக்கு வந்த அந்த நபரைப் பிடித்து, உடற்பரிசோதனைக்கு உட்படுத்தி, அதை வைத்தே 377இன்கீழ்த் தண்டித்துவிட்டது கீழ் நீதிமன்றம். குற்றம் எப்போது, எங்கே, யாரோடு நடந்தது என்ற மூன்றில் ஒன்றுகூட வழக்கில் இல்லை என்பதால் உயர் நீதிமன்றம் விடுவித்தது. விடுவித்த கையோடு, இத்தகைய வழக்கங்களை ஒடுக்க நினைத்த அதிகாரிகளின் எண்ணத்தைப் பாராட்டவும் செய்தது. வழக்கு தோற்றது, ஆனால் அந்த மனிதரை அதற்குள் என்னவெல்லாம் செய்ய முடிந்தது என்று பாருங்கள். 2001 ஜூலையில் லக்னோவில் எச்.ஐ.வி. தடுப்புப் பணியாளர்கள் இதே பிரிவைக் காட்டிக் கைது செய்யப்பட்டு, ஒரு மாதத்துக்கு மேல் பிணை கிடைக்காமல் சிறையில் இருந்தார்கள். அவர்கள் செய்த குற்றம், ஆணுறை கொடுத்ததும் நோயைப் பற்றி எடுத்துச் சொன்னதும்தான். பின்னாளில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 377ஐ எதிர்த்து நாஸ் அறக்கட்டளை என்ற தொண்டு நிறுவனம் தொடுத்த வழக்கு நடந்தபோது, உள்துறை அமைச்சகம் 377 வேண்டும் என்றது. அதே அரசின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்போ, இந்தச் சட்டத்துக்குப் பயந்து மறைந்து வாழ்பவர்களிடம் தங்களால் போய்ச் சேர முடியவில்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தது.

1860இல் எழுதி 1862இல் நடைமுறைக்கு வந்த அந்தப் பிரிவின் வாசகத்திலேயே கோளாறு இருக்கிறது. இயற்கையின் ஒழுங்குக்கு மாறாக ஓர் ஆணோடோ பெண்ணோடோ விலங்கோடோ உடலுறவு கொள்பவருக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்கிறது அது. எதிர்த்தரப்பு இசைந்ததா இல்லையா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. சிறுவனைச் சிதைத்தவனும், இருபது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த இருவரும் அதன் கண்ணுக்கு ஒன்று. வாசகத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் கணவன் மனைவிக்கும் விலக்கு இல்லை.

2009 ஜூலை 2 அன்று நீதிபதிகள் ஏ.பி. ஷாவும் எஸ். முரளிதரும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நாஸ் வழக்கில், வயது வந்தோரின் இசைவான உறவு குற்றமல்ல என்று சொல்லி இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். (ஷா அதற்கு முன் சென்னையில் தலைமை நீதிபதியாக இருந்தவர், முரளிதர் சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கியவர். எங்கள் ஊர்ப் பெருமையை இந்த அளவுக்காவது சொல்லிக்கொள்ள அனுமதியுங்கள்.) 2013இல் அது தலைகீழானது. 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன பிறகு, 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, வயது வந்தோரின் இசைவான உறவை 377இலிருந்து விடுவித்தார்கள். அதே மாதம் 27ஆம் தேதி, பிறன்மனைப் புணர்ச்சியைக் குற்றமாக்கிய 497ஆம் பிரிவும் போயிற்று. மனைவியைக் கணவனின் உடைமையாகப் பாவித்து, அவன் சம்மதித்தால் குற்றமில்லை என்று எழுதியிருந்த பிரிவு அது. பிறன்மனை விழைவது இனித் தவறில்லை என்று தீர்ப்பு சொல்லிவிட்டதாக அன்று பலர் கொதித்தார்கள். அது விவாகரத்துக்கான காரணமாக இன்றும் நீடிக்கிறது. ஒன்றைத் தவறு என்று கருதுவதற்கும், அதற்காக ஒருவரை லாக்கப்பில் வைப்பதற்கும் நடுவே உள்ள தூரத்தைத்தான் அந்தத் தீர்ப்பு அளந்தது.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டமே இல்லை. அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 377ஐ முழுதாக விட்டுவிட்டது. இதைக் கொண்டாட என்னால் முடியவில்லை. 2018இன் தீர்ப்பு, இசைவில்லாத உறவுக்கு அந்தப் பிரிவைக் கவனமாக மீதம் வைத்திருந்தது. வயது வந்த ஓர் ஆண் வன்புணர்வுக்கு ஆளானால் அவருக்கு இருந்த பிரிவு அது ஒன்றுதான். தக்கவைக்கும்படி நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தும் கேட்கவில்லை. களையைப் பிடுங்கச் சொன்னால் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிய கதை.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டிக்க 1938இல் அங்கே சேர்க்கப்பட்ட 377அ பிரிவை, வைத்திருப்போம், ஆனால் முனைந்து பயன்படுத்த மாட்டோம் என்று 2007இல் அரசு சொன்னது. என் உறவினரின் வாதத்தை ஓர் அரசாங்கமே கொள்கையாக அறிவித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, சட்ட அமைச்சர் கா. சண்முகத்தின் முன்னெடுப்பில் நாடாளுமன்றமே அதை நீக்கியது. 2023 ஜனவரியில் அது ஏட்டிலிருந்தும் மறைந்தது. அதோடு, திருமணத்தின் வரையறையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாதபடி அரசமைப்பையும் திருத்திக்கொண்டார்கள். நான் அதை ஏற்பவன் அல்லன். ஆனாலும் பொறுப்பை நீதிபதிகள் தலையில் கட்டாமல் அரசியல்வாதிகளே கையை உயர்த்தியதை மதிக்கிறேன்.

இனி இலங்கை. அங்கே 1995இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியபோது, 365அ பிரிவில் இருந்த 'ஆண்' என்ற சொல்லை 'ஆள்' என்று மாற்றினார்கள். அதுவரை அந்தப் பிரிவுக்கு வெளியே இருந்த பெண்களும் உள்ளே வந்தார்கள். சமத்துவத்தை இப்படியும் கொண்டுவரலாம் போலும். இந்தியாவில் அரசமைப்பின் 13ஆம் உறுப்பு, அடிப்படை உரிமைகளுக்கு முரணான பழைய சட்டங்கள் செல்லாது என்கிறது. 2018இன் தீர்ப்புக்கு வழிவிட்டதும் அதுதான். இலங்கை அரசமைப்பின் 16ஆம் உறுப்போ, அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் பழைய சட்டங்கள் செல்லும் என்கிறது. 2016இல் 365அ பிரிவின்கீழ் ஒரு வழக்கு அங்கே உச்ச நீதிமன்றம் வரை போனது. வயது வந்தோர் இசைந்து கொள்ளும் உறவை அரசு கண்காணிக்கக் கூடாது என்பதே இன்றைய உலகின் எண்ணம் என்று நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். ஆனால் சட்டம் சட்டமாகவே இருப்பதால் குற்றத் தீர்ப்பை உறுதிசெய்து, சிறைத் தண்டனையை மட்டும் ஒத்திவைத்தார்கள். ஒருத்தரையும் பிடிப்பதில்லை என்று சொல்லப்படும் நாட்டில் நடந்தது இது.

ஆகவே அங்கே கதவைத் திறக்க நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். 2023இல் நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் மசோதா இந்தக் குற்றத்தை நீக்க முனைந்தது. அதை எதிர்த்துச் சிலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். மசோதாவில் அரசமைப்புக்கு முரணானது எதுவும் இல்லை என்று அந்த ஆண்டு மே மாதம் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையும் வேண்டாம், பொதுவாக்கெடுப்பும் வேண்டாம். சாதாரணப் பெரும்பான்மை போதும். என் உறவினரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப ஏன் இன்னும் எடுக்கேல்லை?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவருடைய தொகுதி உறுப்பினரிடம் கேட்கச் சொன்னேன்.